கூழ்ப் பானைக்குள் ஓர் அளவுகோல்

பாரிஸுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் இரும்புக் கோபுரத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்ற கவலையும் இல்லை. பதினொரு நாள் நின்றேன். லா சப்பல் தெருவும் தம்பி வீட்டுக் குசினியும் ஒருநாள் கடலும் பார்த்தேன். அந்தக் கடலில் ஒரு மீன் பிடித்தேன். அந்த மீனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் ஊர் சுற்றப் போனவளில்லை, கடதாசி கொண்டுபோனவள். என் தம்பி நேசன் பத்தொன்பது வருடமாகப் பிரான்சில் அகதி அட்டையோடு இருக்கிறான். குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டு மூன்று வருடம் காத்திருந்து, இப்போதுதான் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா அம்மாவின் விவாகப் பதிவுப் பத்திரத்தின் மூலப்பிரதி வேண்டும் என்று கடிதத்தில் இருந்ததாம். அரசாங்க அதிபரின் அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவள் நான். பத்திரத்தை எடுப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. அதைத் தபாலில் போட மட்டும் மனம் ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். பெட்டிக்குள் கூழுக்கென்று மூன்று கிலோ பனங்கிழங்கு ஒடியல் மாவும் செத்தல் மிளகாயும் என்னுடைய பிரஷர் குளிசைகளும் இருந்தன.

வந்து இறங்கிய மறுநாள், வெள்ளிக்கிழமை, லா சப்பலைக் காட்டக் கூட்டிப்போனான். அவன் இருப்பது பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில். அங்கிருந்து பஸ், பிறகு ரயில். ரயில் கார் து நோர் நிலையத்துக்குச் சற்று முன்னால் நின்றது. யாரோ ஒரு பையை மேடையில் மறந்துவிட்டுப் போய்விட்டார்களாம், அதைச் சோதிக்கும்வரை ஒரு ரயிலும் அசையாதாம். முக்கால் மணித்தியாலம் நின்றோம். பக்கத்தில் நின்ற ஒருத்தி தொலைபேசியில், "ஓமப்பா, திரும்பவும் பைதான், சோத்தை இறக்கி வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் மறந்துபோன பைக்கு இரண்டு நிமிடத்தில் சொந்தக்காரன் வந்துவிடுவான், அது அவனுடைய பையாக இல்லாவிட்டாலும்கூட.

லா சப்பலைச் சின்ன யாழ்ப்பாணம் என்று இங்குள்ளவர்கள் பெருமையடிக்கிறார்கள். கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவில் நகைக்கடைக்குப் பக்கத்தில் நகைக்கடை, அதற்குப் பக்கத்திலும் நகைக்கடை, நடுவே தலைமுடி வெட்டுகிற கடை என்று இருக்கிறது? இடியப்பத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சொதியைப் பைக்குள் முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். முடிச்சை அவிழ்க்க ஒரு ஆளை வேலைக்கு வைக்க வேண்டும். வடை மட்டும் நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நேசன் அந்தத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில்தான் வேலை செய்கிறான். அவன் சுட்ட வடை அது.

மீன் கடைக்குப் போனோம். அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பாறையும் விளைமீனும் ஐஸ் கட்டியோடு கட்டியாகக் கிடந்தன, நான் வந்த வழியாலேயே எனக்கு முன்னமே வந்தவை. ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். மண்ணிறம். "தம்பி, இது செத்து ஆண்டுத் திவசமும் முடிஞ்சுது," என்றேன். கடைக்காரர் கேட்டும் கேளாதவர் போல நின்றார். நேசனுக்கு வெட்கம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே புது மீன் பிடிக்கலாம், இப்போது பேசாமல் வாருங்கள் என்று என்னை வெளியே இழுத்து வந்துவிட்டான்.

வீதியைக் கடக்க நின்றோம். வாகனம் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது. விளக்கில் சிவப்பு மனிதன் நின்றான், அவனைப் பார்த்துக்கொண்டு என் தம்பியும் நின்றான். சனமெல்லாம் எங்களை இடித்துக்கொண்டு கடந்து போனது. என்னடா என்று கேட்டேன். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஒரு சிவப்பு விளக்கைக்கூட மீறியதில்லையாம். ரயிலில் துண்டு இல்லாமல் ஏறியதில்லை, குப்பையைப் பிழையான தொட்டியில் போட்டதில்லை, ஒரு தண்டம்கூடப் பெயரில் இல்லை. கோப்பைப் பார்க்கிறவர்கள் எதைத் தோண்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றான். நாற்பத்தாறு வயது மனிதன் பச்சை மனிதனுக்காகக் காத்து நிற்கிறான். இதென்ன விசர் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் தன்னுடைய பயணப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். அகதிக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர, என்று உள்ளே அச்சடித்திருக்கிறது. அப்பாவின் செத்தவீட்டையும் அம்மாவின் செத்தவீட்டையும் அவன் தொலைபேசியில்தான் பார்த்தான். இரண்டு முறையும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கொள்ளி வைக்கிற நேரத்தில் அம்மாவின் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது என்று அவன் பிறகு சொன்னான். குடியுரிமை கிடைத்தால் சிவப்புப் புத்தகம் தருவார்கள். அதில் அந்த வரி இருக்காது.

சனிக்கிழமை அவனுடைய சிநேகிதர் ஒருவர் தூண்டில்களோடு வந்தார். பெயர் அருள்நாதன். பாண்டிச்சேரிக்காரர், பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பிரஜை, வேதக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், மார்க்ஸ் டோர்மோயில் தனியே இருக்கிறார். எல்லாரும் முசியே அருள் என்கிறார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடக்கு அளவுகோல். கச்சேரியில் இப்படிப்பட்டவர்களை நான் முப்பத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். படிவத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மனிதனைத் திருப்பி அனுப்புகிற ஜாதி.

அவர் எனக்குக் கடல் சட்டம் படிப்பித்தார். பார் என்று ஒரு மீன், எங்களுடைய கொடுவாவுக்குச் சொந்தக்காரன் போல இருக்கும். அதை ஓர் ஆள் நாளுக்கு இரண்டுதான் பிடித்து வைத்திருக்கலாம். நாற்பத்திரண்டு சென்ட்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். பிடித்த கையோடு வாலின் கீழ்ப்பாதியைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும், பொழுதுபோக்குக்குப் பிடித்த மீனை யாரும் கடைக்கு விற்காமலிருக்க அடையாளமாம். கரையில் துண்டு போடக் கூடாது, முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வருடத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தொலைபேசியில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும், பிடித்த மீனையும் அதில் அளவோடு எழுத வேண்டும். நேசனும் பதிந்திருந்தான். மீனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்க மாட்டார்களோ என்று கேட்டேன். "அடுத்த வருஷம் கேட்டாலும் கேப்பாங்க மதாம்," என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஞாயிறு விடியவே அவருடைய பழைய காரில் போனோம். கூழ் காய்ச்ச வேண்டும் என்பது என்னுடைய பிடிவாதம். கடற்கரைக்குப் போய்ச் சான்ட்விச் கடிக்க நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? பெரிய பானை, காஸ் அடுப்பு, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, நண்டு, இறால், ஊறப்போட்ட ஒடியல் மா எல்லாம் கட்டிக்கொண்டு ஏறினேன். கூழுக்கான மீனையும் லா சப்பல் கடையிலேயே வாங்கித் தந்தான் நேசன், அந்த ஐஸ் மீனின் நடுத்துண்டுகளை. பிடிக்கிற மீன் முழுசாக வீட்டுக்குப் போக வேண்டுமே. கடலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கடையில் வாங்கின செத்த மீனில் கூழ் காய்ச்சுவதா? அதுவும் தலையில்லாமல்? தலை போடாத கூழைக் கூழ் என்று யார் சொல்வார்கள்? நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்தால் எனக்கு உள்ளே புகைகிறது என்று அர்த்தம். அது நேசனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோர்மாண்டிக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். நடந்தால் காலை வாரும். கடல் சாம்பல் நிறம், வைகாசி மாதத்திலும் குளிர். இதில் குளிக்க வேறு வருகிறார்களாம். எங்கள் கடலைக் கண்டால் இந்தச் சனம் என்ன செய்யும் என்று நினைத்தேன். சீமெந்து அணையில் வரிசையாக மனிதர்கள் தூண்டிலோடு நின்றார்கள், ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு அளவுகோல், ஆளுக்கொரு கத்தரிக்கோல். தையல் வகுப்புக்கு வந்தவர்கள் மாதிரி.

மீன்களும் முந்தி மாதிரி இல்லையாம். முசியே அருள் வந்த காலத்தில் குளிர்காலத்துக்குக் கபியோ என்ற மீன் கரைக்கே வருமாம், கும்பளா சாதியில் ஒன்று வாளி வாளியாக விழுமாம். இப்போது கபியோவைக் கண்ணிலும் காணோம். தெற்கில் இருந்த டோராட் என்கிற மீன் இப்போது இந்தப் பக்கம் ஏறி வருகிறது, கடல் சூடாகிவிட்டதால். இதையெல்லாம் அவர் துக்கவீட்டில் கதைப்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எங்கள் கடலில் இராத்திரி முழுக்க இழுவைப் படகுகள் வந்து குஞ்சு குருமனோடு அள்ளிக்கொண்டு போகின்றன, கேட்க ஒரு நாதியில்லை, நீங்கள் இரண்டு மீனுக்கு வால் வெட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றேன்.

"கேக்க நாதியில்லாததாலதானே மதாம் அங்க மீனில்ல," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுப்பை மூட்டப் போனேன். அணைக்குப் பின்னால் வாகனங்கள் நிற்கிற இடத்தில் காற்றுப் படாமல் ஒரு மூலை இருந்தது. பானை கொதிக்கிறபோது இடையிடையே வந்து பார்த்தேன். நேசன் இரண்டு பார் பிடித்தான். இரண்டையும் அளந்து, வால் வெட்டி, தொலைபேசியில் எழுதி, பைக்குள் வைத்தான். ஊரில் இருந்த காலத்தில் அவன் இவ்வளவு கவனமாக ஒன்றைச் செய்து நான் கண்டதில்லை. முசியே அருள் ஒன்று பிடித்து வைத்தார். அடுத்தது ஒரு விரல் அகலம் குறைந்ததாம். அதை இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்து, அது வாலடித்துப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய கூழுக்குப் போக வேண்டிய மீன் அது. வயிறெரிந்தது.

பத்து மணிபோல இருவரும் துறைமுகக் கடையில் தூண்டில் இரை வாங்கப் போனார்கள். தூண்டிலைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான் நேசன். நான் சும்மா பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அது தானாக இழுத்தது. இழுத்தால் விட்டுவிடுவேனா? பருத்தித்துறையில் பிறந்தவள். சுற்றி எடுத்தேன். வெள்ளி மாதிரி ஒரு பார், துள்ளிக்கொண்டு வந்து கல்லில் விழுந்தது. கையை வைத்துப் பார்த்தேன். முழத்துக்கு மூன்று விரல் குறைவு. குறைவு என்று எனக்குத் தெரியும். என் பெயர் எந்தத் தொலைபேசியிலும் இல்லை என்றும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஐந்து நிமிடத்தில் செதில் வழித்து, துண்டு போட்டு, தலையை இரண்டாகப் பிளக்காமல் முழுசாகவே பானைக்குள் விட்டேன். வாலைக் கடலுக்குள் எறிந்தேன். சட்டத்துக்கு என்னுடைய பதில் அது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒடியல் மாவைக் கரைத்துவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது அதிகாரிகள் வந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒரு பெண்ணும் ஓர் ஆணும். அணை முழுக்க வாளிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நேசனுடைய பையைப் பார்த்தார்கள், வால்களைப் பார்த்தார்கள், தொலைபேசியைப் பார்த்தார்கள், எல்லாம் சரி. முசியே அருளின் பையும் சரி. போகத் திரும்பியவள் மூக்கை உறிஞ்சினாள். அது என்ன என்று பானையைக் காட்டிக் கேட்டாள். எங்களுடைய நாட்டுச் சூப் என்று நேசன் மலர்ந்துபோய்ச் சொன்னான். மூடியைத் திறந்ததும் அவன்தான். அவனுக்கு என்ன தெரியும்?

கூழுக்கு நடுவில், நண்டுக் காலுக்கும் பயற்றங்காய்க்கும் இடையில், மீனின் தலை மேலே வந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நேசன் என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் திருப்பினேன். அவள் அகப்பையைக் கேட்டு வாங்கி, தலையை எடுத்துத் தட்டில் வைத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். பிறகு அந்த அளவுகோலைத்தான் பானைக்குள் விட்டுக் கிளறித் துண்டுகளைத் தேடினாள், என்னுடைய கூழுக்குள்! உடன் வந்தவன் பானையையே பறிமுதல் செய்வதா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுடைய கேள்வி காதில் விழவேயில்லை. பிறகுதான் நேசன் சொன்னான், அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: இந்த மீன் யாருடையது?

தூண்டில் நேசனுடையது. அவன் பையில் ஏற்கெனவே இரண்டு. இது மூன்றாவது, அளவு குறைந்தது, வால் அடையாளம் இல்லாதது, துண்டு போட்டது. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்தச் சிவப்பு மனிதன் நினைவுக்கு வந்தான். புதன்கிழமை நேர்முகம். மூன்று வருடமாக வெறும் வீதியில் காத்து நின்றவனைப் பானைக்குள் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

"என்னுடையது," என்றார் முசியே அருள், பிரெஞ்சில். அந்த ஒரு சொல் எனக்கும் விளங்கியது, ஏனென்றால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அவருடைய பையில் ஒன்றுதான் இருந்தது, இரண்டாவதற்கு இடம் இருந்தது. அளந்து பார்க்காமல் அவசரப்பட்டுவிட்டேன், சூப்புக்கு ஆசைப்பட்டுவிட்டேன் என்று தலைகுனிந்து சொன்னாராம். எத்தனை வருடமாக மீன் பிடிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாளாம். முப்பத்தெட்டு என்றாராம். அப்படியென்றால் வெட்கமாக இல்லையா என்று கேட்டாளாம். இருக்கிறது என்றாராம்.

எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் பிடிச்சனான்! அவரில்லை, நான்!" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான். அவள் நேசனைப் பார்த்து, மதாம் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நேசன் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டி, கையால் வேண்டாம் என்று காட்டினாள். உண்மையை ஒத்துக்கொண்டதற்காக என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். என்ன மரியாதையான அதிகாரி என்றுகூட நினைத்தேன். முசியே அருளின் பெயரில் தண்டம் எழுதினார்கள். மீன் தலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒருவரும் கூழ் குடிக்கவில்லை. திரும்ப வெளிக்கிட்டால் கார் உறுமிக்கூடப் பார்க்கவில்லை, பற்றரி செத்துவிட்டது. மெக்கானிக் வரும்வரை தான் நிற்பதாகச் சொல்லி, முசியே அருள் எங்களை ரயிலில் அனுப்பிவிட்டார். ஐந்து மணி ரயில். பானையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன், எதிரே தம்பி. பக்கத்தில் இருந்த கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனாள். அந்த நேரத்திலும் அவளை நான் மனதுக்குள் திட்டினேன், பழக்கதோஷம். பாதி வழியில், அவளுக்கு என்ன சொன்னாய் என்று நேசனைக் கேட்டேன்.

"கூழ் குடிக்கிறீங்களோ எண்டு கேக்கிறா எண்டு சொன்னனான்," என்றான்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். குரல் உயரவில்லை.

"அப்பாவின்ரையும் போனிலை பாத்தன். அம்மாவின்ரையும் போனிலை பாத்தன். உங்கடை செத்தவீட்டையும் போனிலை பாக்க வைக்கப் பாத்தீங்கள் அக்கா."

பானையின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். கலியாணம் கட்டாதவள், எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். ரயில் துண்டு பரிசோதிக்க வந்தவர்கூட என்னிடம் கேட்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை. குளிசை போட்டீங்களோ என்று மட்டும் கேட்டான். அதையும் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான், நான் ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டு, உனக்கென்ன டொக்டர் வேலையோ என்று நக்கலடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பேசாமல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போனபோது நானும் கூடப் போய், மார்க்ஸ் டோர்மோயில் முசியே அருளின் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பெரிய நன்றி வசனம் தயாரித்து வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்ல விடவில்லை. தண்டத்தை நான் தருகிறேன் என்றதற்கும் கையை அசைத்துவிட்டு, மேசையில் இருத்தி, கோப்பி ஊற்றித் தந்து, தொலைபேசியை எடுத்து வைத்தார்.

"இப்ப உண்மையச் சொல்லுங்க மதாம். அந்த மீன் எத்தனை சென்ட்டிமீட்டர்?"

எதற்கு என்று கேட்டேன். பிடித்த மீனை எழுத வேண்டும் என்பது ரெக்லமான், அதாவது சட்டவிதி, தன் பெயரில் பிடித்ததாகிவிட்டது, ஆகவே தான்தான் எழுத வேண்டும் என்றார். தண்டம் கட்டுகிற மீனுக்கும் அளவு எழுதுகிற மனிதரை என்ன செய்வது? திட்டவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. முழத்துக்கு மூன்று விரல் குறைவு என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த அளவுகோலை எடுத்து விரித்து, என் கையை மேசையில் நீட்டி வைக்கச் சொன்னார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார். நாற்பத்து மூன்று. மூன்று விரலை அளந்தார். ஐந்து.

"முப்பத்தெட்டு," என்று எழுதினார். "உங்க கை சட்டத்துல தேறிடும் மதாம். நாப்பத்திரண்டுக்கு ஒரு சென்ட்டிமீட்டர் கூட இருக்கு."

சிரித்துவிட்டேன். இரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தேன். அவரும் சிரித்தார், அந்த மனிதருக்கு அது வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படி இறங்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ரெக்லமானை மீறக் கூடாது என்று முப்பத்தெட்டு வருடம் எல்லாருக்கும் சொன்னதாகவும், நேசன் ஒருத்தன்தான் அதைக் கேட்டு நடந்ததாகவும், அப்படிப்பட்டவனைத் தண்டிக்க விட்டால் தான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்றும் சொன்னார்.

புதன்கிழமை நேசன் கோட் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்கு உள்ளே போனான். எதிரே ஒரு கோப்பிக் கடையில் நான் காத்திருந்தேன். கோப்பி கசப்பு, கோப்பை கைவிரல் அளவு, அதைக் குடிக்க ஒரு மணித்தியாலம் எடுக்கிற சனம். ஒன்றேகால் மணித்தியாலத்தில் வெளியே வந்தான். நான் எட்டாயிரம் கிலோமீட்டர் மடியில் வைத்துக் கொண்டுவந்த விவாகப் பத்திரத்தை அவர்கள் திறந்தே பார்க்கவில்லையாம். ஆறுகளின் பெயர் கேட்டார்களாம், குடியரசு பற்றிக் கேட்டார்களாம்.

"தண்டம், வழக்கு ஏதும் இருக்கோ எண்டு கேட்டவை. இல்லை எண்டு சொன்னனான்," என்றான். பிறகு, "உண்மைதானே," என்றான். பிறகு, "பசிக்குது அக்கா," என்றான். மூன்று வசனம் தொடர்ந்து கதைத்துவிட்டான். லா சப்பலுக்குப் போய்ப் பிளாஸ்டிக் பெட்டியில் இடியப்பம் வாங்கினோம். சொதிப் பையின் முடிச்சை நானே பல்லால் அவிழ்த்தேன். கார் து நோர்ப் பக்கம் வீதி கடக்கையில் சிவப்பு மனிதன் நின்றான். வாகனம் ஒன்றும் இல்லை. நான் நேசனுக்குப் பக்கத்தில் நின்றேன், அவன் பச்சையாகும்வரை.

முடிவு கடிதத்தில் வரும், மாதக் கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் பருத்தித்துறைக்குத் திரும்பி நான்கு மாதம். கடிதம் இன்னும் வரவில்லை. கச்சேரியில் நாங்கள் சனத்தை அலைக்கழித்ததற்கெல்லாம் சேர்த்து இந்த நாடு என்னைக் காக்க வைக்கிறது. நேசன் ஞாயிறு தவறாமல் கடற்கரையிலிருந்து கூப்பிடுகிறான், பின்னால் முசியே அருள் யாருக்கோ சட்டம் படிப்பிப்பது கேட்கும். முதலில் கேட்பது குளிசை போட்டீங்களோ என்பதுதான். போடுகிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நாளுக்கு இரண்டு. ஒரு நாளும் தவறவிடுவதில்லை. அவனுக்கு அந்தச் சிவப்புப் புத்தகம் வரும்வரை எனக்குச் சாக அனுமதியில்லை.